சஞ்சார் சாத்தி ஆப்: ஒரு பனியன் கம்பெனி ஆபீஸிலிருந்து விமர்சனம்

2025 டிசம்பர் ஆரம்பத்தில் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி ஆப் பெயர் டீக்கடை வரைக்கும் அடிபட்டது. புதுப் போன் எல்லாவற்றிலும் இதை ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை சொன்னது, வேவு பார்க்கவா என்று எதிர்ப்பு கிளம்பியது, சில நாளிலேயே கட்டாயம் இல்லை என்று பின்வாங்கினார்கள். அந்தச் சத்தத்தில் ஆப் என்னதான் செய்கிறது என்ற பேச்சே அமுங்கிப் போனது. நான் திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்கு, சம்பளம், பேங்க் வேலை எல்லாம் பார்க்கிறவன், மோசடி போன் வந்தால் முதலில் மாட்டுவது என்னைப் போன்ற ஆள்தான் என்பதால் ஆபீஸில் எல்லோர் போனிலும் இதைப் போட்டுக் கொடுத்தேன். மார்க் கேட்டால் ஐந்துக்கு மூன்று.

அந்த மூன்றில் இரண்டு மார்க் ஒரே வசதிக்கு. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று காட்டுகிறது. தெரியாத நம்பர் இருந்தால் ‘என்னுடையது இல்லை’ என்றும், பழசாக இருந்தால் ‘தேவையில்லை’ என்றும் அங்கேயே சொல்லிவிடலாம். ஒருவர் பெயரில் 9 சிம் வரை வைத்துக்கொள்ளலாம், அதனால் யாரும் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எங்கள் ஊரில் இது எவ்வளவு முக்கியம் என்றால், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஒரு பையன் வந்து இறங்குவான், சூப்பர்வைசர் பாவம் பார்த்துத் தன் ஆதாரைக் கொடுத்து சிம் வாங்கித் தருவார், கொஞ்ச நாளில் பையன் வேறு கம்பெனிக்குப் போய்விடுவான், சிம் மட்டும் சூப்பர்வைசர் பெயரிலேயே எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அந்த நம்பரை வைத்து யாராவது யாரையாவது ஏமாற்றினால் போலீஸ் முதலில் தேடி வருவது சூப்பர்வைசர் வீட்டுக்குத்தான்.

அடுத்தது சக்‌ஷு. சந்தேகமான கால், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் வந்தால் புகார் கொடுக்கிற இடம், 30 நாளுக்குள் வந்ததாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அனுமதி கொடுத்தால் கால் பட்டியலிலிருந்தே நம்பரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த அனுமதியைக் கொடுக்க மனசு வராதவர்கள் ஆப்பே போட வேண்டாம், சிம் பட்டியலும் சக்‌ஷுவும் சஞ்சார் சாத்தி இணையதளத்திலேயே இருக்கின்றன, பிரவுசரில் திறந்து வேலையை முடித்துக்கொள்ளலாம். நான் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பணம் போன பிறகு சக்‌ஷுவில் போட்டுப் பிரயோஜனம் இல்லை, அது அதற்கான இடமே இல்லை. பணம் போனால் அந்த நிமிஷமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குக் கால், அப்புறம் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார். அந்தப் பணம் நாலு கணக்கு தாண்டி ஏடிஎம்மில் வெளியே வருவதற்குள் சொன்னால்தான் பேங்குகள் அதை நிறுத்தி வைக்க முடியும்.

இரண்டு மார்க் ஏன் குறைத்தேன் என்றால், இந்த ஆப் வருகிற காலைத் தடுக்காது. ‘ஸ்பேம்’ என்று திரையில் காட்டுவது வேறு சேவைகள். ஏர்டெல் 2024 செப்டம்பரிலிருந்து இலவசமாகக் காட்டுகிறது. ட்ரூகாலர் ஆப்பில் தெரிவது பெரும்பாலும் ஊர் உலகம் சேமித்து வைத்த பெயர், ‘பேங்க் மேனேஜர்’ என்று வந்தாலும் அதை நம்பிப் பேச முடியாது. பேங்க் சேவை அழைப்புகளுக்கு 1600, விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் பிராஞ்ச் ஆட்கள் சொந்த செல்லிலிருந்து கூப்பிடும் பழக்கம் இருக்கும்வரை நம்மால் நம்பரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கட் பண்ணிவிட்டு பாஸ்புக்கில் இருக்கும் நம்பருக்கு நாமே கூப்பிடுவதுதான் சரி. ‘இன்றிரவு 9.30க்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும்’ என்று சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸுக்கும் இதேதான், ஈபி பில் கட்டியாச்சா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

எந்த ஆப்பும் பிடிக்காத ரகம் ஒன்று இருக்கிறது. முதலாளி போட்டோவை டிபியாக வைத்துக்கொண்டு புது நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வரும், ‘மீட்டிங்ல இருக்கேன், கூப்பிடாதே, இந்தக் கணக்குக்கு உடனே போட்டு விடு’ என்று. இதில் ஆள் ஏமாறுவது விவரம் தெரியாமல் இல்லை, திருப்பிக் கேட்டால் முதலாளி கத்துவாரே என்ற பயத்தில். டிஜிட்டல் கைது என்று வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு உட்கார்ந்து மிரட்டுகிறவனும் இதே பயத்தைத்தான் வைத்துப் பிழைக்கிறான், சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. அதனால் எங்கள் முதலாளியையே எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்தோம்: புதுக் கணக்கோ, மாறிய கணக்கோ, பழைய நம்பரில் என் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய் போகக் கூடாது, அதனால் லேட் ஆனால் யாரையும் திட்ட மாட்டேன். நூல்காரர், சாயப்பட்டறைக்காரர் ‘பேங்க் மாத்திட்டோம்’ என்று அனுப்பினாலும் இதே விதி. பணம் போடுவது தாமதமாகிறது என்று பார்ட்டிகள் முணுமுணுக்கிறார்கள், பரவாயில்லை.

தைக்கிற ஆட்களுக்கு வரும் தொல்லை வேறு மாதிரி. கல்யாணப் பத்திரிகை, டிராபிக் அபராதச் சீட்டு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை ஏற்றுகிற ஃபைல்) வரும், தொட்டு இன்ஸ்டால் செய்தால் போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் அடுத்தவன் கைக்குப் போய்விடும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும், இன்ஸ்டால் செய்யச் சொல்லாது என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். ஆப் தமிழிலும் இந்தியிலும் மற்ற மொழிகளிலும் இருப்பதால், சம்பள நாளில் வரிசையில் நிற்கும்போதே அவரவர் மொழியில் சிம் பட்டியலைத் திறந்து பார்க்கச் சொல்லிவிடுகிறோம்.