மூன்று கைபேசிகள், மூன்று எஞ்சின்கள்: உலாவிகளுடன் நீண்டகாலம் பழகியதில் கண்டவை

கைபேசிக்கு எந்த உலாவி வேகமானது என்று யாராவது கேட்டால், எந்தக் கைபேசிக்கு என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். சில ஆண்டுகளாகவே மூன்று கைபேசிகள் என் அன்றாட வேலையில் இருக்கின்றன. ஒன்று, 3 ஜிபி ரேமும் கார்ட்டெக்ஸ் ஏ53 வகைக் கோர்களும் (பிராசசருக்குள் கணக்கிடும் தனித்தனி அலகுகள்) கொண்ட தொடக்கநிலை ஆண்ட்ராய்டு. இன்னொன்று, 8 ஜிபி ரேம் கொண்ட நடுத்தர ஆண்ட்ராய்டு. மூன்றாவது ஓர் ஐபோன். ஆண்ட்ராய்டு இரண்டிலும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சாம்சங் இன்டர்நெட் ஆகியவற்றையும், ஐபோனில் சஃபாரியையும் குரோமையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். இந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: ஒரே கைபேசியில் இரண்டு உலாவிகளுக்கு இடையே தெரியும் வித்தியாசத்தைவிட, ஒரே உலாவிக்கு இரண்டு கைபேசிகளில் தெரியும் வித்தியாசம் மிகப் பெரியது; உலாவியைத் தேர்ந்தெடுப்பதால் உண்மையான பலன் கிடைப்பது பலவீனமான கைபேசியில்தான்.

இதற்கான காரணத்தைப் பலர் இணைய வேகத்தில் தேடுகிறார்கள். ஒரே வைஃபை இணைப்பில் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பக்கத்தின் எழுத்துகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துவிடுகின்றன. வேறுபாடு அதன் பிறகுதான் தொடங்குகிறது. பக்கத்தை இயங்கவைக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி வந்ததும், அதை உலாவி படித்து, தொகுத்து, இயக்க வேண்டும். அந்த வேலையின் பெரும்பகுதி ஒரே இழையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே கோரில் நடக்கிறது. ஆகவே பெட்டியின் மேல் எட்டு கோர் என்று அச்சிட்டிருப்பது இங்கே அதிகம் உதவுவதில்லை. தனி ஒரு கோர் எவ்வளவு வலுவானது என்பதே கேள்வி. ஏ53 என்பது 2012-இல் அறிவிக்கப்பட்ட, மின்சிக்கனத்தை முதன்மையாகக் கொண்ட, கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்து முடிக்கும் எளிய கோர். ஐபோனின் பிராசசர்கள் தனிக் கோரின் வலுவில் பல தலைமுறைகளாகவே முன்னணியில் இருப்பவை. தொடக்கநிலைக் கைபேசியில் பக்கம் முழுவதும் வந்துவிட்டதுபோல் தெரியும். பட்டியலைத் திறக்கும் பொத்தானைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. மீண்டும் தொட்டால், சற்று நேரம் கழித்து இரண்டு தொடுதல்களும் சேர்ந்து வேலை செய்து, பட்டியல் திறந்த வேகத்திலேயே மூடிக்கொள்ளும். தொடுதலுக்கும் திரையில் தெரியும் விளைவுக்கும் இடையிலான இந்தத் தாமதத்தை அளக்கும் ஐஎன்பி என்னும் அளவையை, கூகுள் 2024 மார்ச்சில் தன் முதன்மை அளவைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 200 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்பது அதன் வரம்பு. பக்கம் எவ்வளவு விரைவாகத் திறக்கிறது என்பதைவிட இந்த ஓர் அளவைதான் என் கை உணர்வதோடு ஒத்துப்போகிறது.

ஐபோனில் உலாவிகளின் வேகத்தை ஒப்பிடுவதற்கு அதிக இடமில்லை. அங்கே குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியின் வெப்கிட் எஞ்சின் மேல்தான் ஓடுகின்றன; எஞ்சின் என்பது பக்கத்தின் நிரலைப் படித்துத் திரையில் வரைந்து காட்டும் உள்பகுதி. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில், 2024-இல் வந்த 17.4 பதிப்பு முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு எஞ்சின்களுக்கு அனுமதி உண்டு. ஆகையால் ஐபோனில் தேர்வு என்பது புக்மார்க் ஒத்திசைவு, கடவுச்சொல் சேமிப்பு போன்ற வசதிகளைப் பொறுத்ததே. ஆண்ட்ராய்டில் குரோமும் சாம்சங் இன்டர்நெட்டும் ஒரே குரோமியம் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2013-இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்துவந்த பிளிங்க் எஞ்சின்தான் இரண்டிலும் ஓடுகிறது. தனக்கென வேறு எஞ்சின் வைத்திருப்பது கெக்கோவை நம்பியிருக்கும் ஃபயர்ஃபாக்ஸ் மட்டுமே.

அந்த ஃபயர்ஃபாக்ஸ்தான் என் தொடக்கநிலைக் கைபேசியின் பயன்பாட்டையே மாற்றியது. எந்தச் சேர்க்கையும் இல்லாமல் நிறுவிய நிலையில், கனமான பக்கங்களில் குரோம் அதைச் சற்று முந்துவதைக் கண்டேன். விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்னும் நீட்சியை, அதாவது உலாவியோடு இணைக்கும் கூடுதல் நிரலை, சேர்த்த பிறகு வரிசை தலைகீழாயிற்று. செய்திப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசிக்க வேண்டிய கட்டுரை சில பத்திகள்தான். ஆனால் அதனுடன் விளம்பர ஏலத்துக்கான நிரல்கள், வாசகரைப் பின்தொடரும் நிரல்கள், தானாக ஓடும் காணொளி ஆகியவையும் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு விளம்பரமும் வந்து உட்காரும்போது எழுத்து கீழே தள்ளப்படுகிறது. படித்துக்கொண்டிருந்த வரி காணாமல் போகிறது. ‘மேலும் படிக்க’ என்பதைத் தொடப் போன விரல் விளம்பரத்தின் மேல் விழுகிறது. தடுப்பான் இருக்கும்போது இந்த நிரல்கள் இறங்குவதே இல்லை என்பதால், பலவீனமான கோருக்குக் கட்டுரையைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை. நடுத்தரக் கைபேசியிலும் இதே நன்மை தெரிகிறது. ஆனால் தொடக்கநிலைக் கைபேசியில் அது படிக்க முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசம். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் நீண்டகாலம் ஒரு சில நீட்சிகளே கிடைத்தன. 2023 டிசம்பரில் நூற்றுக்கணக்கானவை திறந்துவிடப்பட்டன. சஃபாரி 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் உள்ளடக்கத் தடுப்பான்களுக்கு வழிசெய்தது. தடுக்க வேண்டியவற்றின் விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் கொடுத்துவிடும் முறை என்பதால், பக்கம் திறக்கும் நேரத்தில் தடுப்பானின் சுமை மிகக் குறைவு. சாம்சங் இன்டர்நெட்டும் இத்தகைய தடுப்பான்களை ஏற்கிறது. ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகளைச் சேர்க்க முடியாது என்பதே, தொடக்கநிலைக் கைபேசி வைத்திருப்பவருக்கு நான் ஃபயர்ஃபாக்ஸைப் பரிந்துரைக்கும் முதன்மைக் காரணம்.

எந்த உலாவியாலும் தீர்க்க முடியாத குறை ரேம் பற்றாக்குறை. ஒரு நீண்ட விண்ணப்பப் படிவத்தைப் பாதிக்குமேல் நிரப்பிவிட்டு, ஓடிபி எண்ணைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பினால், 3 ஜிபி கைபேசியில் அந்தப் பக்கம் முதலிலிருந்து ஏறத் தொடங்கும். நிரப்பியது அத்தனையும் போய்விடும். புதிய ஓடிபியும் கேட்கப்படும். நினைவகம் குறையும்போது பின்னணியில் இருக்கும் செயலிகளையும் டேப்களையும் இயங்குதளம் மூடிவிடுவதால் வரும் விளைவு இது. இந்தக் கைபேசியில் மூன்று உலாவிகளிலும் இது நேர்ந்திருக்கிறது. 8 ஜிபி கைபேசியில் மிக அரிதாகவே பார்க்கிறேன். கைபேசி வாங்கும்போது கேமராவுக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பகுதியை ரேமுக்குக் கொடுக்கச் சொல்லி நண்பர்களை நான் வற்புறுத்துவது இதனால்தான். இப்போது அந்தக் கைபேசியில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தால், மற்ற செயலிகளை மூடிவிட்டு, ஓடிபியை அறிவிப்புப் பட்டையிலேயே படித்துக்கொள்கிறேன்.

ஸ்க்ரோல் செய்வதில் உள்ள வேறுபாட்டுக்குத் திரையும் ஒரு காரணம். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒவ்வொரு சட்டத்தையும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்தையும், 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து தர வேண்டும். 120 ஹெர்ட்ஸுக்கு 8.3 மில்லிநொடிதான் உண்டு. தொடக்கநிலைக் கைபேசியில் வேகமாகத் தள்ளினால் எழுத்து வருவதற்கு முன் வெள்ளைக் கட்டங்கள் தெரிகின்றன. ஐபோனில் மின்சிக்கன முறையை இயக்கினால் வலைப்பக்க அசைவூட்டங்கள் நொடிக்கு 30 சட்டங்களாகக் குறைக்கப்படுகின்றன என்பதையும் ஒப்பிடுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

எண்களால் அளக்க விரும்புவோருக்கு உலாவிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் ஸ்பீடோமீட்டர் 3.0 நல்ல வேகச் சோதனை. எஞ்சின்களை உருவாக்கும் ஆப்பிள், கூகுள், மொஸில்லா ஆகியவை இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றுடன் சேர்ந்து 2024 மார்ச்சில் வெளியிட்டது என்பதால், ஒரு தரப்புக்குச் சாதகமானது என்ற சந்தேகத்துக்கு இடம் குறைவு. ஆனால் கைபேசி சூடாக இருக்கும்போதோ சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதோ எடுத்த மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். வெப்பம் ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடுத்தடுத்து ஓட்டினால் மதிப்பெண் படிப்படியாக இறங்குவதைக் கண்ணால் காணலாம்.

இவ்வளவு கவனமாக உலாவியைத் தேர்ந்தெடுத்தாலும், அரட்டைச் செயலிகளிலும் சமூக ஊடகச் செயலிகளிலும் வரும் சுட்டிகளைத் தொட்டால் அவை பெரும்பாலும் அந்தச் செயலிக்குள்ளேயே திறந்துகொள்கின்றன. அங்கே நம் தடுப்பானும் இல்லை, உள்நுழைந்திருந்த கணக்கும் இல்லை. வெளி உலாவியில் திறக்கும் விருப்பத்தை அமைப்புகளில் தேடி மாற்றிவைத்ததில் எனக்குக் கிடைத்த நிம்மதி பெரிது.

பழைய கைபேசியைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது புதுப்பிப்பு வரும் வழி. ஆண்ட்ராய்டில் இயங்குதளம் பழையதாக இருந்தாலும் உலாவி தனியாகப் புதுப்பிக்கப்படுகிறது. ஐபோனில் வெப்கிட் இயங்குதளத்துடன் சேர்ந்தே வருகிறது. ஐஓஎஸ் 16-உடன் நின்றுவிட்ட ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் ஆகியவற்றின் பிராசசருக்கு இன்றும் வலு இருக்கிறது; ஆனால் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே ஓடுவது அந்தப் பழைய எஞ்சின்தான். ஆண்ட்ராய்டின் சலுகைக்கும் எல்லை உண்டு: 2025-இல் வந்த குரோம் 139 முதல், ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால்தான் புதுப்பிப்பு கிடைக்கும்.