ஆர்வி வாட்டர் ஹீட்டர் எலிமென்ட்: செம்பு போடலாமா, இன்கலாய் போடலாமா?

ஆர்வி, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியில், வாட்டர் ஹீட்டரைக் கேஸில் போட்டால் தண்ணீர் நன்றாகச் சுடுகிறது, கரண்டில் போட்டால் பச்சைத் தண்ணீராகவே வருகிறது என்றால், கரண்டில் தண்ணீரைச் சுடவைக்கும் கம்பியான எலிமென்ட் மேல்தான் முதல் சந்தேகம் வரவேண்டும். கரண்டை முழுசாகத் துண்டித்து, ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வையுங்கள். 120 வோல்ட், 1440 வாட் எலிமென்ட் என்றால் இரண்டு திருகுக்கும் நடுவே சுமார் 10 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. திருகுக்கும் டேங்க் உலோகத்துக்கும் நடுவே ரீடிங் வந்தால் கரண்ட் கசிகிறது, பிரேக்கர் விழுவதும் அதனால்தான்.

எங்கள் வண்டியில் இது போனபோது முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று, செம்பு உறை போட்ட, ஒரே வளைவாக வரும் ஹை டென்சிட்டி எலிமென்ட், அதாவது வாட் முழுக்கச் சின்னப் பரப்பில் அடங்கியது. இன்னொன்று, மடித்து வளைத்த லோ டென்சிட்டி எலிமென்ட். இதன் உறை இன்கலாய் என்ற நிக்கல் கலவை. நான் இரண்டாவதைத்தான் போட்டேன். திரும்பப் போட வேண்டி வந்தாலும் அதையே வாங்குவேன்.

மாட்டுகிற வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. அதே 1 அங்குல மரை, கழற்றி மாட்ட அதே ஒன்றரை அங்குல எலிமென்ட் சாக்கெட் ஸ்பேனர். தண்ணீரை அடைப்பது கேஸ்கட்தான், மரையில் டேப் சுற்றத் தேவையில்லை. பழைய கேஸ்கட் துணுக்கு ஒட்டியிருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் கசியும். விலையில் செம்பு மலிவு, கிடைப்பதும் சுலபம்.

லோ டென்சிட்டி என்றதும் மெதுவாகச் சுடும் என்று நினைப்பவர்கள் உண்டு. வாட் ஒன்றுதான் என்பதால் நேரமும் ஒன்றுதான். 6 கேலன் தண்ணீரை 40 டிகிரி செல்சியஸ் உயர்த்த இரண்டுமே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதே வாட் அதிகப் பரப்பில் பரவுகிறது, அதனால் உறையின் மேல்தோல் சூடு குறைவாக இருக்கிறது. மாறுவது அவ்வளவுதான்.

என் முடிவும் அந்த மேல்தோல் சூட்டை வைத்துத்தான். முகாமுக்கு முகாம் தண்ணீர் மாறும், பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். அந்த உப்பு சூடான பரப்பைத் தேடிப் போய்ப் படியும். எங்கள் பழைய செம்பு எலிமென்டைக் கழற்றியபோது வளைவு முழுக்க வெள்ளைப் பொருக்கு ஏறி, நுனியில் உறை வெடித்து, உள்ளே இருந்த மக்னீசியம் ஆக்சைடு பொடி கட்டிபோல வெளியே தள்ளியிருந்தது. பொருக்கு ஏற ஏற சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் உள்ளேயே தங்கும், உறைக்குள்ளே சூடாகிற நிக்ரோம் கம்பி அதிலேயே வெந்து அறுந்துபோகும். இன்கலாயிலும் உப்பு படியத்தான் செய்யும். ஆனால் மேல்தோல் சூடு குறைவு என்பதால் மெதுவாகப் படிகிறது. சீசன் முடிவில் டேங்கை வடித்துப் பார்த்தபோது மெல்லிய வெள்ளைப் பூச்சு இருந்தது, கட்டியாக எதுவும் இல்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் எலிமென்ட் இருக்கும் இடம். சில ஹீட்டர்களில் வெளிக்கதவைத் திறந்தாலே கைக்கு எட்டிவிடும். சிலவற்றில் ஹீட்டரின் முதுகுப்புறம், வண்டிக்குள்ளே அலமாரிக்கு அடியில் இருக்கும். அங்கே சாக்கெட்டைத் திருப்பக்கூட இடம் இருக்காது. விலை வித்தியாசம் அந்த வேலையின் முன்னால் ஒன்றுமே இல்லை.

தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டால் செம்பு எலிமென்ட் சில நொடிகளில் போய்விடும். குளிர்காலத்துக்காக, ஹீட்டருக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் பைபாஸ் வால்வைத் திருப்பி வைத்துவிட்டு வசந்தத்தில் மறந்துவிடுகிற வண்டிகளில் இது சகஜம். இன்கலாய் கூடுதல் சூட்டைத் தாங்கும், ஆனாலும் காலி டேங்கில் போடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எது போட்டிருந்தாலும் சுடுநீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வந்த பிறகுதான் சுவிட்ச்.

சரி, செம்பு யாருக்குப் பொருந்தும்? எப்போதாவது வண்டியை எடுக்கிறவர்கள், தண்ணீரின் உப்பைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள், முன்பக்கமே எலிமென்ட் இருப்பவர்கள் தாராளமாகச் செம்பு போடலாம். நீளம் இடித்தாலும் அதுதான் வழி. மடித்து வருகிற எலிமென்ட் பருமனாக இருக்கும், டேங்குக்குள்ளே ஆனோட் கம்பியோ (டேங்க் துருப்பிடிக்காமல் தான் அரிந்துபோகும் கம்பி) புகைக் குழாயோ தடுக்கலாம். பழையதை விளிம்பிலிருந்து நுனிவரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். எங்களுடையது எனாமல் பூசிய ஸ்டீல் டேங்க். அலுமினிய டேங்கில் நான் போட்டுப் பார்த்ததில்லை, அங்கே ஹீட்டர் கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

வாட்டையும் வோல்ட்டையும் படித்துப் பார்த்து வாங்குங்கள். 15 ஆம்ப் பிரேக்கரில் தொடர்ந்து இழுக்கலாம் என்பது 12 ஆம்ப், அதாவது 1440 வாட். 1500 வாட் போட்டால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். வீட்டு ஹீட்டருக்கான 240 வோல்ட் எலிமென்டும் இதே மரையில் ஏறும், ஆனால் 120 வோல்ட்டில் கால்வாசி வாட்தான் தரும். 4500 வாட் என்று எழுதியிருப்பது 1125 வாட் ஆகிவிடும். முகாமில் கரண்ட் தட்டுப்பாடு என்று வேண்டுமென்றே அதைப் போடுகிறவர்களும் உண்டு, அப்போது 6 கேலன் சுட ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகும்.