டர்போவை வீட்டிலேயே மாட்டலாமா, டர்போவோடு வந்த பழைய காரை வாங்கலாமா?

ஐந்து பேரை ஏற்றிய 1.2 லிட்டர் ஸ்விஃப்டில் ஏசியை அணைத்துவிட்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் முக்கி முக்கி ஏறுகிற தேனிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி வந்தே தீரும். டர்போ என்பது, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி ஏற்றி, இழுவையைக் கூட்டும் கருவி.

செலவு
வீட்டில்: டர்போ மட்டும் மலிவாகக் கிடைக்கும், அப்புறம் மேனிஃபோல்டு, இன்டர்கூலர், ஆயில் லைன், பெரிய இன்ஜெக்டர், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ட்யூனிங் என்று நீண்டுகொண்டே போகும்.
பழைய பலேனோ ஆர்எஸ் (கம்பெனியே டர்போ வைத்து விற்ற மாருதி கார்): 998 சிசியில் 102 பிஎஸ் சக்தி, 150 என்எம் இழுவிசை. எல்லாம் சேர்ந்தே வருகிறது.

உழைப்பு
வீட்டில்: டர்போ இல்லாமல் வடிவமைத்த பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன் (காற்று-பெட்ரோல் கலவையை அழுத்தும் அளவு) பெரும்பாலும் அதிகம், அதற்குள் காற்றை இன்னும் அழுத்தி ஏற்றினால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து இன்ஜின் தட்டுவது) வரும், நீண்ட ஏற்றத்தில் சூடு கூடக் கூட அது மோசமாகி பிஸ்டனையும் ஹெட் கேஸ்கெட்டையும் காலி செய்யும். பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) குறைவாக வைத்து, எரிபொருளைச் சரியாக ட்யூன் செய்தால்தான் தாங்கும்.
கம்பெனி டர்போ: பிஸ்டன், கூலிங் எல்லாம் அந்த அழுத்தத்துக்கென்றே செய்தவை.

சட்டம்
கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சும்மா விடாது. கேரள வழக்கு ஒன்றில்தான் உச்ச நீதிமன்றம் 2019-ல் இதை இறுக்கிச் சொன்னது. மறைத்த மாற்றத்துக்கு இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

இன்ஜினைப் பிரித்துக் கற்க ஆசையா, சொந்த நிலத்துக்குள் ஓட்ட ஒரு பழைய கார் இருக்கிறதா, தாராளமாக மாட்டிப் பாருங்கள். குடும்பத்தோடு மூணாறு போகத்தான் என்றால் கம்பெனி டர்போவே சரி. வாங்கும் முன் ஆயில் மாற்றிய பதிவையும், சைலன்சரில் நீலப் புகை (ஆயில் எரிவதன் அடையாளம்) வருகிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள்.