இரவு ஒன்பது மணி, வெள்ளவத்தை: கோழிப் பெட்டியா, கொத்தா, இடியப்பமா?

ரியூசன் முடிந்து மகன் காலி வீதியில் பஸ்ஸால் இறங்க எட்டே முக்கால் ஆகும். நான் வேலையால் வந்து சேர எட்டு. அந்த நேரத்தில் அடுப்பைப் பற்ற வைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வராது. கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு அப்போது மூன்று வழி உண்டு. கண்ணாடிக் கதவு போட்ட கடையில் பெட்டியில் போட்டுத் தரும் பொரித்த கோழியும் ஃபிரைஸும், கூடவே சோடாவும். சந்தியில் இரும்புக் கல்லின்மேல் கொத்துகிற கொத்து ரொட்டி. ஒழுங்கைக்குள் ஒரு அம்மா வீட்டில் அவித்துத் தரும் இடியப்பம், சொதி, சம்பல்.

மூன்றையும் மாறி மாறிச் சாப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. பேச்சென்று வந்தால் திட்டு வாங்குவது எப்போதும் முதலாவதுதான். “வெள்ளைக்காரன் சாப்பாடு பிள்ளைகளைக் கெடுக்குது” என்று சொல்லும் பெரியவர்களே இரவு பத்து மணிக்குச் சீஸ் கொத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். கொத்து நம்முடையது, அதனால் அதற்கு மன்னிப்பு. கண்ணாடிக் கடை வந்தேறி, அதனால் பழியெல்லாம் அதன் தலையில். எனக்கு இந்தக் கணக்கு சரியாகப் படவில்லை.

ஒரு நாள் கோழிக் கொத்துப் பார்சல் ஒன்றை வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். 780 கிராம். ஒருவருக்கென்று தந்தது. பிரித்தபோது கடதாசி கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்தது, அவ்வளவு எண்ணெய். ரொட்டிக்குக் குழைத்த மா எண்ணெயில் ஊறிக் கிடக்கும், அதை எண்ணெய் பூசிய கல்லில் சுடுவார்கள், பிறகு முட்டை, கோழி, லீக்ஸ், கரட் போட்டுத் திரும்ப எண்ணெய் விட்டுக் கொத்துவார்கள், கடைசியில் இரண்டு கரண்டி இறைச்சிக் குழம்பு. மரக்கறி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். தேடி எடுத்தால் ஒரு கைப்பிடி வரும். மற்றதெல்லாம் கோதுமை மா. யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மம்மா அதை இன்றைக்கும் ‘அமெரிக்கன் மா’ என்றுதான் சொல்வார், கப்பலில் வந்து இறங்கிய காலத்துப் பெயர். நம்முடையது என்று மார்தட்டும் கொத்தின் அடித்தளமே அதுதான்.

கோழிப் பெட்டியிலும் இதே கதைதான், உருவம் மட்டும் வேறு. மாவில் புரட்டிப் பொரித்த கோழி, பொரித்த கிழங்கு. கொழுப்பு, உப்பு, மா என்று பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உப்பு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. கோழியின் மசாலாவிலும் கொத்தின் குழம்பிலும் எவ்வளவு உப்புப் போகிறது என்பதை நாக்கு சொல்லாது, நடுச்சாமத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு வதந்தியையும் தீர்த்துவிடுகிறேன். புரொயிலர் கோழிக்கு ஓமோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பெண் பிள்ளைகள் வேளைக்குப் பெரியபிள்ளை ஆகிறார்கள் என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது சொல்வார்கள். அந்தக் கோழி வேகமாக வளர்வது இனத்தாலும் தீனியாலும், ஓமோனால் அல்ல. கொத்துக்குள் கிடப்பதும் அதே புரொயிலர் கோழிதான் என்பதை ஏனோ யாரும் நினைப்பதில்லை.

கண்ணாடிக் கடை உண்மையில் தோற்பது சோடாவில். பெட்டியோடு சேர்த்து வாங்கினால் மலிவு என்று கோப்பையைக் கையில் தந்துவிடுவார்கள். 2016 முதல் இலங்கையில் விற்கும் சோடாப் போத்தல்களில் சீனியின் அளவைச் சொல்லும் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் இருக்கிறது. 2017 நவம்பரில் முன்வைத்த வரவு செலவுத் திட்டத்தில் சீனியின் கிராமைக் கணக்கிட்டு வரியும் வந்தது. கடையில் பெரிய போத்தலை எடுத்து மகனிடம் வட்டத்தைக் காட்டினால் அவனுக்கே விளங்குகிறது. ஆனால் இயந்திரத்திலிருந்து கடதாசிக் கோப்பைக்கு ஊற்றியதும் வட்டம் போய்விடுகிறது, ஐஸ் மட்டும் மிதக்கிறது. பானங்களிலும் இனிப்புகளிலும் சேர்க்கும் சீனியை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள், வைத்திருப்பது நல்லது என்கிறார்கள். ஒரு பெரிய கோப்பையிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடலாம். கொத்துக் கடையில் பெரும்பாலும் பிளேன்ரீ அல்லது தண்ணீர். இந்த ஒரு விடயத்தில் கொத்துக்கு முழுப் புள்ளி.

எண்ணெயில் கண்ணாடிக் கடை முன்னுக்கு நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெரிய நிறுவனங்களில் பொரிக்கும் எண்ணெயை வடிப்பதற்கும் மாற்றுவதற்கும் எழுதி வைத்த நடைமுறை உண்டு. சந்திக் கடையில் முதலாளியின் கண்தான் அளவுகோல். பின்னேரம் ரோல்ஸும் பற்றீஸும் பொரித்த தாச்சியில் கறுத்து நுரைக்கும் எண்ணெயை நானே பார்த்திருக்கிறேன். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இரண்டு கடைக்கும் ஒன்றுதான். ஆனால் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒருவரின் பிரிவுக்குள் எத்தனை கடை, எத்தனை வண்டில் என்று யோசித்தால் யார் எத்தனை தரம் எட்டிப்பார்க்க முடியும்?

இது நாக்கோடு முடிகிற விடயமும் இல்லை. 2005–2006இல் வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் எடுத்த ஆய்வொன்றிலேயே வயதுவந்த ஐந்து பேரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருந்தது. நீரிழிவு இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது தனக்கிருப்பதே தெரியாது. எங்கள் மாடிக் குடியிருப்பின் லிஃப்டுக்குள் நடக்கும் பேச்சைக் கேட்டால் இன்றைய நிலையை ஊகிக்கலாம்: “உங்களுக்கு இந்த மாதம் எவ்வளவு? எனக்கு நூற்றி நாற்பது.” கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிச் சொல்வார்கள். எங்கள் உடல்வாகு வேறு. ஆசியர்களுக்கு உடற்பருமன் சுட்டி (பிஎம்ஐ) 23ஐத் தாண்டும்போதே கவனிக்கச் சொல்கிறார்கள். மெலிந்த கைகால், முன்னுக்குத் தள்ளிய வயிறு. கொழும்புத் தமிழ் ஆம்பிளைகளில் பாதிப்பேரின் படம் அது, என் வீட்டுக்காரர் உட்பட.

சரி, பின்னுக்கு நின்று வேலை செய்கிறவர்கள்? எனக்கு இந்தப் பகுதிதான் கூடக் கனமாகத் தெரிகிறது.

கண்ணாடிக் கடையில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நிற்கிறார்கள். சம்பளம் பெரிதில்லை, நின்றே கால் வீங்கும். ஆனாலும் சம்பளச் சீட்டு உண்டு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) உண்டு: முதலாளி 12 சதவீதம், தொழிலாளி 8. ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) என்று முதலாளி இன்னொரு 3. சட்டப்படி இது கொத்துப் போடுகிறவருக்கும் உரியதுதான். நான் வழமையாக வாங்கும் இடத்தில் கொத்துப் போடுபவர் மலையகத்துப் பொகவந்தலாவைக்காரர். ஒரு நாள் பேச்சோடு பேச்சாக ஈபிஎஃப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். “அதெல்லாம் யாரு அக்கா கட்டுறா? மாசம் முடிஞ்சா கையில காசு, அவ்வளவுதான்.” மாலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை சூடான கல்லுக்கு முன்னால், இரண்டு கைத்தகடும் காதுக்குப் பக்கத்தில் அடித்தபடி. ஏதாவது சொன்னால் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது, காது அவ்வளவு மந்தம். “நீங்க ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?” என்றேன். “கொத்து திங்கிறதில்லக்கா. பார்த்தாலே வயிறு நெறஞ்சிரும். ரெண்டு பிஸ்கட்டு, பிளேன்டீ.”

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது மூன்றாவது ஆள், மோட்டார் சைக்கிளில் சதுரப் பையோடு வருபவர். மழையில் நனைந்து, லிஃப்ட் வேலை செய்யாத நாளில் ஆறு மாடி ஏறி, ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போகிறார். அவருக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, கல்லுக்குப் பக்கத்தில் கதைக்க ஆளும் இல்லை.

கண்ணாடிக் கடைகள் கொழும்புக்கு வந்தது யுத்த காலத்தில். பீட்சா ஹட் 1993, கே.எஃப்.சி. 1995, மக்டொனால்ட்ஸ் 1998. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு திரிந்த வயதில், குளிரூட்டிய அறையில் யாரும் எதுவும் கேட்காமல் ஒரு மணித்தியாலம் இருக்கலாம் என்பதற்காகவே நானும் தோழிகளும் போயிருக்கிறோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கடை விற்பது கோழியை மட்டுமல்ல. இன்றைக்கும் என் மகனின் வகுப்பில் பிறந்தநாள் என்றால் அங்கேதான். வீட்டில் கேக் வெட்டி ரோல்ஸும் பற்றீஸும் கொடுத்தால் பிள்ளைக்கு மரியாதைக் குறைவாம். கொத்துக் கடை எந்தப் பிள்ளைக்கும் விளையாட்டுப் பொம்மை கொடுத்து ஆசை காட்டியதில்லை.

விலையில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்குப் போனபோது கொத்தின் விலை செய்தியாகவே வாசிக்கப்பட்டது. இன்றைக்குக் கோழிக் கொத்து ஒன்றுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுக்கிறோம். அதற்கு இரண்டு பேர் சாப்பிடலாம் என்பது மட்டும் ஆறுதல்.

இடியப்ப அம்மாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவர் வீட்டுப் படியில் ஏறும்போதே அவித்த மாவின் வாசமும் ரம்பை போட்ட சொதியின் வாசமும் வரும். இடியப்பத் தட்டுகள் பிரம்பில் பின்னியவை. 2023 ஒக்ரோபரில் தடைசெய்த பிளாஸ்ரிக் பொருட்களின் பட்டியலில் ஸ்ட்ரோ, கரண்டியோடு பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டும் இருந்ததைச் சொல்லிச் சிரிப்பார்: “நான் எப்பவோ பிரம்புக்கு மாறிட்டன், அரசாங்கம் இப்பதான் வந்து சேருது.” ரெஜிஃபோம் (நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டியும் சாப்பாடு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் 2017 செப்டெம்பரில் தடையானது, கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்த அதே வருடம். குப்பைக் கணக்கில் இந்த அம்மாவுக்கு மற்ற இரண்டு பேரும் கிட்டவும் வரமாட்டார்கள். என் சாப்பாட்டுக் கரியரிலேயே போட்டுத் தருவார்.

அதற்காக இடியப்பம் மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். வெள்ளை அரிசிமா இடியப்பம் பன்னிரண்டை உள்ளே தள்ளினால் இரத்தத்தில் சீனி ஏறத்தான் செய்யும். சிவப்பரிசி மாவில் அவியுங்களேன் என்று கேட்டேன். “வெள்ளைதான் தங்கச்சி எல்லாரும் கேக்கினம். சிவப்பெண்டால் பிள்ளையள் தொடாதுகள்.” என்றாலும் பொரியல் இல்லை, சோடா இல்லை, சம்பலில் தேங்காய், சொதியில் வெந்தயம், எண்ணி வாங்குவதால் அளவு கையில். மூன்றிலும் எதற்கு என் வோட்டு என்று கேட்டால் இதற்குத்தான். கொத்து இரண்டாவது, இரண்டு பேருக்கு ஒன்று என்ற கணக்கில். கோழிப் பெட்டி கடைசி. சோடாவை விட்டுவிட்டு வாங்கினால் கொத்தோடு சமம்.

ஆனால் என் வோட்டை வைத்து அந்த அம்மா வெல்ல முடியாது. ஓடர் பின்னேரம் நாலு மணிக்கு முன் சொல்லவேண்டும், அப்போதுதான் மா குழைப்பார். ஏழரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார். அவருக்கும் முழங்கால் வலி. மற்ற இரண்டும் நள்ளிரவு வரை திறந்திருக்கும், போனில் மூன்று தட்டுத் தட்டினால் வாசலுக்கே வரும். நாலு மணிக்கு நான் மீற்றிங்கில் இருப்பேன், மகன் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் நடுவில் பஸ்ஸில் இருப்பான். இரவு என்ன சாப்பிடுவோம் என்று அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் யோசனை வராது. பசி வரும்போது அம்மாவின் அடுப்பு ஆறிவிட்டிருக்கும்.

என் போனில் பிற்பகல் 3.45க்கு ஒரு அலாரம் வைத்திருக்கிறேன், பெயர் ‘இடியப்பம்’. வாரத்தில் மூன்று நாளாவது அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறேன்.