ஈவன்ட்பிரிட்ஜ்: வேலை செய்யும், ஆனா வாய தொறக்காது

ஒரு சர்வீஸ்ல நடந்தத மத்த சர்வீஸுங்களுக்கு கொண்டு சேக்குற அமேசான் கிளவுட் சர்வீஸ்தான் ஈவன்ட்பிரிட்ஜ், அத ரெண்டு வருஷமா புரொடக்ஷன்ல ஓட்டுறோம். சின்ன டீம், ஆர்டர் எடுக்குற ஒரு சைட்டு, அவ்ளோதான். முன்னாடி ஆர்டர் சர்வீஸே நேரா ஸ்டாக்க கூப்பிடும், அப்புறம் பில்லிங், அப்புறம் எஸ்எம்எஸ், நடுவுல ஒண்ணு படுத்துக்கிச்சுன்னா மொத்த ஆர்டரும் ஃபெயிலு. இப்போ ஆர்டர் வந்துச்சுன்னு ஒரு ஜேசன் மெசேஜ (இதுதான் ஈவன்ட்) பஸ்ல, அதாவது ஈவன்ட்பிரிட்ஜோட பொது பாதையில, போட்டுட்டு அது பாட்டுக்கு போயிடும், யாருக்கு எது போகணும்ங்கிறத ரூலுங்க பாத்துக்கும். போன மாசம் மார்க்கெட்டிங்ல அவங்களுக்கும் டேட்டா வேணும்னாங்க, ஒரு ரூல் சேத்தேன், ஆர்டர் கோடுல ஒரு வரி கூட தொடல. இதுக்கே காசு குடுக்கலாம்.

காசும் பெருசா இல்லங்க, நாம போடுற கஸ்டம் ஈவன்ட் 10 லட்சத்துக்கு 1 டாலர் கணக்கு. ஈசி2 மெஷின் (அமேசான்ல வாடகைக்கு எடுக்குற சர்வர்) நின்னுபோச்சு மாதிரி அமேசானே அனுப்புறதுக்கு சார்ஜ் இல்ல. 2019ல புது பேரோட வந்தாலும் அடியில இருக்குறது அமேசானோட பழைய கிளவுட்வாட்ச் ஈவன்ட்ஸ் சர்வீஸ்தான், அத யூஸ் பண்ணவங்களுக்கு பழகவே வேணாம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஃபில்டர். தொகை 5000க்கு மேல இருந்தா மட்டும் மேனேஜருக்கு அலர்ட்னு ரூல்லயே எழுதிடலாம், லாம்ப்டா (கூப்பிட்டா மட்டும் அமேசான்ல ஓடுற நம்ம கோடு) சும்மா எழுந்து பாத்துட்டு திரும்ப தூங்குற வேலையே இல்ல.

இனி நாங்க மாட்டுன கதை. ஒரு நாள் காலைல யாருக்குமே பில் மெயில் போகல. லாம்ப்டா லாக்ல எர்ரர் இல்ல, ஏன்னா லாம்ப்டா ஓடவே இல்ல. அனுப்புன பக்கம் பாத்தா 200 சக்சஸ். டெலிவரி ஃபெயிலான ஈவன்ட் போய் சேர்ற டெட் லெட்டர் க்யூவும் காலி. அரை நாள் தேடுனப்புறம் பாத்தா, கோடுல ஈவன்ட் டைப்போட முதல் எழுத்து கேப்பிடல், முந்தின நாள் நான் மாத்துன ரூல்ல ஸ்மால். தப்பு என்னோடதுதான். ஆனா எந்த ரூலுக்கும் பொருந்தாத ஈவன்ட்ட இது சத்தமே இல்லாம விட்டுடும், டெட் லெட்டர் க்யூவுக்கு வர்றது ரூல் பொருந்தி டெலிவரி ஃபெயிலானது மட்டும்தான். வர்ற ஈவன்ட்ட சேத்து வைக்குற ஆர்கைவ ஆன் பண்ணியிருந்தா ரீப்ளே அடிச்சு மறுபடி அனுப்பியிருக்கலாம், அதையும் பண்ணல, டேட்டாபேஸ்ல இருந்து கையால எடுத்து அனுப்புனேன். அன்னைக்கே எல்லா ஈவன்ட்டையும் கிளவுட்வாட்ச் லாக்ல கொட்டுற ஒரு ரூல் போட்டேன், நீங்க முதல் நாளே போட்டுடுங்க.

இன்னொண்ணு, ஒரே ஏபிஐ கால்ல 10 ஈவன்ட் வரைக்கும் அனுப்பலாம், அதுல 2 ஃபெயிலானாலும் 200தான் வரும், எத்தன ஃபெயிலுன்னு ரெஸ்பான்ஸ் உள்ள இருக்குற கவுன்ட்ட பாக்கணும். டார்கெட் (ரூல் ஈவன்ட்ட அனுப்புற இடம்) படுத்திருந்தா டீஃபால்ட்டா 24 மணி நேரம், 185 தடவ வரைக்கும் மறுபடி மறுபடி ட்ரை பண்ணும், அது நல்ல விஷயம். ஆனா ஒரே ஈவன்ட் ரெண்டு தடவ வரவும் சான்ஸ் இருக்கு, ஆர்டர் ஐடிய வச்சு நீங்கதான் செக் பண்ணிக்கணும், இல்லன்னா ஒரே ஆளுக்கு ரெண்டு எஸ்எம்எஸ்.

வரிசைக்கும் கேரன்ட்டி கெடையாது, கேன்சல் முன்னாடி வந்து ஆர்டர் பின்னாடி வரலாம். அதனால என் மார்க் 5க்கு 4. பேமென்ட் மட்டும் இன்னும் அமேசானோட வரிசை மாறாத எஸ்க்யூஎஸ் ஃபைஃபோ க்யூலதான் ஓடுது, அத நான் தொடறதா இல்ல.