கண்குழி எலும்பு உடைந்தால்: காத்திருக்கலாமா, உடனே ஆபரேஷனா?

போன வருஷம் ஒரே மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் கண்ணில் அடி. ஞாயிற்றுக்கிழமை மேட்சில் தம்பிக்கு கார்க் பால் பட்டது. கண் திறக்கவே முடியாமல் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. அடுத்தது அக்கா மகன், பத்து வயது. தெருவில் ஓடிப் பிடித்து விளையாடும்போது இன்னொரு பையனின் முழங்கை இடித்தது. அவன் கண்ணில் சிவப்புகூட இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தம்பிக்குத்தான் ஆபரேஷன் என்றார்கள். ஆனால் அவன் கத்தி படாமலே தேறினான். ஆபரேஷன் தியேட்டருக்குள் போனது பொடியன்தான், அதுவும் மறுநாளே.

இருவருக்கும் உடைந்தது கண்குழி, அதாவது கண்விழி உட்கார்ந்திருக்கும் எலும்புக் கூடு. அதன் அடித்தளம் கிட்டத்தட்ட முட்டை ஓடு மாதிரி. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். மூக்குப் பக்கச் சுவர் அதைவிட மெல்லிசு. பெரியவர்களுக்கு அடி பட்டால் இந்த எலும்பு நொறுங்கி, கீழே உள்ள சைனஸ் அறைக்குள் விழும். குழந்தை எலும்பு பச்சைக் குச்சி மாதிரி. வளைந்து திறக்கும், உடனே பழையபடி மூடிக்கொள்ளும். அந்த இடுக்கில் கண்ணை அசைக்கும் தசை மாட்டிக்கொண்டால் அதற்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும். அதனால்தான் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்கிறார்கள்.

அக்கா மகனை முதலில் காட்டிய இடத்தில் ஏமாந்தார்கள். பையன் ஓயாமல் வாந்தி எடுத்தான், நாடி மெதுவாக ஓடியது. தலையில் அடி என்று நினைத்து மூளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நார்மல். வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரவில் அக்கா விட்டத்தைப் பார்க்கச் சொன்னபோது ஒரு கண் மேலே போனது, இன்னொன்று அப்படியே நின்றது. “மாமா, ஃபேன் ரெண்டா தெரியுது” என்றான். மாட்டிய தசை இழுபடும்போது நரம்பு வழியாக இதயத் துடிப்பு குறையும், குமட்டும். வாந்திக்குக் காரணம் கண்தான்.

அதனால் எக்ஸ்ரேயா, சி.டி.யா என்ற கேள்விக்கு என் ஓட்டு சி.டி.க்கே. எக்ஸ்ரேயில் சைனஸில் ரத்தம் தேங்கியிருப்பதும், சில சமயம் கண்ணீர்த்துளி போலத் தொங்கும் சதையும் தெரியலாம். அதை வைத்து ஆபரேஷனை முடிவு செய்ய முடியாது. சி.டி.யிலும் மூளைக்கு எடுப்பது போதாது. கண்குழிக்கென்று மெல்லிய வெட்டுகளாக, முன்னிருந்து பார்க்கும் கோணமும் சேர்த்து எடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எலும்புக்கு அவ்வளவு உதவாது. கண்ணுக்குள் இரும்புத் துணுக்கு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஆபத்தும்கூட. குழந்தைகளுக்கு சி.டி.யில் மயிரிழைக் கோடு மட்டுமே தெரியலாம். அங்கே ஸ்கேனைவிடக் கண் அசைகிறதா என்பதுதான் பேசும்.

பெரியவர்களுக்குக் காத்திருப்பதே பெரும்பாலும் சரி. தம்பிக்கு வீக்கம் வடியட்டும் என்று பத்து நாள் பார்த்தார்கள். ஐஸ் ஒத்தடம், மாத்திரை, அப்புறம் மூக்கைச் சிந்தவே கூடாது என்ற கட்டளை. சிந்தினால் சைனஸ் காற்று கண்குழிக்குள் ஏறிவிடும். நேராகவோ கீழேயோ பார்க்கும்போது இரட்டைப் பார்வை நீடித்தாலோ, கண் 2 மில்லிமீட்டருக்கு மேல் உள்வாங்கினாலோ, அடித்தளத்தில் பாதிக்கு மேல் உடைந்திருந்தாலோதான் ஆபரேஷன் பேச்சு. அதைப் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் செய்வார்கள். தள்ளிப்போட்டால் தழும்பு இறுகி வேலை கடினமாகும். தம்பிக்கு இது எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் இந்தக் காத்திருக்கும் கணக்கில் சேர்க்காதீர்கள். பார்வை மங்கி, கண் கல் போல் இறுகிப் பிதுங்கினால் கண்விழிக்குப் பின்புறம் ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். அதற்கு ஸ்கேன் வரிசையில்கூட நிற்காமல் உடனே சிகிச்சை வேண்டும்.

ஆபரேஷன் என்று முடிவானால் உடைந்த இடத்தில் எதை வைப்பது? டைட்டானியம் வலை உறுதியானது, வளைத்துப் பொருத்தலாம், பிறகு எடுக்கும் சி.டி.யில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வெட்டிய ஓரம் சதையைக் கீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துளைகள் உள்ள பாலிஎத்திலீன் தகடு வழவழப்பானது, திசு உள்ளே வளர்ந்து பிடித்துக்கொள்ளும், ஆனால் ஸ்கேனில் சரியாகத் தெரியாது. சொந்த எலும்பை மண்டையிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எடுக்கலாம். அதற்கு இன்னொரு காயம் வேண்டும், காலப்போக்கில் கரைந்தும் போகலாம். பெரிய உடைசலுக்கு நான் டைட்டானியம் பக்கம். அக்கா மகனுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டி வரவில்லை. தசையை விடுவித்து, சின்னத் தகடு ஒன்றை வைத்து மூடிவிட்டார்கள். வெட்டு கீழ் இமையின் உட்புறம் என்பதால் வெளியே தழும்பும் இல்லை.

சென்னையில் எங்கே போவது? கண் மட்டும் என்றால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, 1819-ல் தொடங்கியது. பைக்கிலிருந்து விழுந்து தாடை, கன்னம், தலை எல்லாம் அடி என்றால் சென்ட்ரல் எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரிதான் சரி. அங்கே “பல் டாக்டர் எதுக்குக் கண்ணைப் பார்க்கிறார்?” என்று சண்டை போடாதீர்கள். முக எலும்பு ஆபரேஷன் பல் மருத்துவம் படித்து அதற்கு மேலும் பயின்றவர்களின் வேலைதான். ஆனால் கண்விழி கிழிந்திருக்கிறதா என்று கண் டாக்டர் பார்த்த பிறகே எலும்பில் கை வைக்க வேண்டும்.

பொடியனுக்கு மேலே பார்த்தால் இரண்டாகத் தெரிவது சில வாரம் இருந்தது, பிறகு போய்விட்டது. கத்தியே படாத தம்பிக்குத்தான் இன்னும் மிச்சம் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே ஓடும் நரம்பு நசுங்கியதில் கன்னமும் மேலுதடும் மரத்துக் கிடக்கின்றன. டீ குடித்தால் மீசையில் நுரை ஒட்டியிருப்பது அவனுக்குத் தெரிவதில்லை, நாங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.