பால்கனி கதவு காத்துக்கு அடிக்காம நிக்கணும்னா: முட்டு, காந்தம், கொக்கி, டவர் போல்ட், குளோசர்

எங்க வீடு உடுமலைக்கு வெளிய, முதல் மாடி, தெற்கு பாத்த பால்கனி, அதுக்கு வெளிப்பக்கமா திறக்கற ரெட்டைக் கதவு. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற மேக்காத்து வைகாசில ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் விடாதுங்க, இந்தப் பக்கம் காத்தாடி காத்தாடியா நட்டு வெச்சு கரண்ட் எடுக்கறாங்கன்னா பாத்துக்கோங்க. அந்தக் காத்துல கதவு படார் படார்னு அடிச்சு, ஒரு தடவ கீல் ஸ்க்ரூவே புடுங்கிக்கிச்சு. அதுக்கப்பறம் மூணு வருஷமா கடைல கிடைக்கறது, ஆசாரி சொன்னது, நானா கட்டுனதுன்னு எல்லாத்தையும் போட்டுப் பாத்தாச்சு.

மொதல்ல ஒரு சின்ன கணக்கு, இது தெரியாமதான் நான் காசு விட்டேன். காத்து அழுத்தத்துக்கு நம்ம ஐஎஸ் 875ல (கட்டடம் எவ்ளோ பாரம், காத்து தாங்கணும்னு சொல்ற இந்தியத் தர விதி) இருக்கற சூத்திரம் ரொம்ப சிம்பிள், வேகத்த (மீட்டர்/செகண்ட்ல) அதாலயே பெருக்கி 0.6 ஆல பெருக்கணும், ஒரு சதுர மீட்டருக்கு எத்தன நியூட்டன்னு வந்துரும். எங்க கதவு ஒத்த இதழ், அதாவது ரெட்டைக் கதவுல ஒரு பக்கம், ரெண்டரை அடி அகலம், 7 அடி உயரம். 36 கிமீ வேகத்துல அடிச்சா தோராயமா 10 கிலோ தள்ளு, 54 கிமீல 22 கிலோ, 72 கிமீல 40 கிலோ. வேகம் டபுள் ஆனா தள்ளு நாலு மடங்கு. சாயங்காலம் சும்மா நிக்கற கதவு நைட்டு திடீர்னு புடுங்கிட்டு ஆடறது இதனாலதான்.

அடுத்தது, கதவ எந்த இடத்துல புடிக்கிறோம்ங்கறது. 40 கிலோ தள்ளுனா அது கதவு நடுவுல தள்ளுற மாதிரி, கைப்பிடி ஓரத்துல புடிச்சா 20 கிலோ தாங்குனா போதும், அதையே கீல்ல இருந்து அரை அடி தள்ளிப் புடிச்சா 100 கிலோ தாங்கணும். கடைல "சார் இது ஸ்டீலு, யானை இழுத்தாலும் வராது"ன்னு சொல்லுவாங்க, ஸ்டீல் வராதுதான், அத மரத்துல புடிச்சிருக்கற முக்கா இஞ்ச் ஸ்க்ரூ வந்துரும்.

இப்ப ஒவ்வொண்ணா பாக்கலாம்.

முட்டு குடுக்கறது. செங்கல், பூந்தொட்டி, ரப்பர் ஆப்பு எல்லாம் இந்த வகை. வீட்டுக்குள்ள சமமான டைல்ஸ்ல ரப்பர் ஆப்பு சூப்பரா நிக்கும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா வெளிய திறக்கற பால்கனி கதவுல ஒரு சிக்கல், மழைத் தண்ணி உள்ள வராம இருக்க பால்கனி தரைய ஒரு இஞ்ச் ரெண்டு இஞ்ச் இறக்கி வாட்டம் குடுத்து போட்டிருப்பாங்க, அதனால கதவுக்கு அடில பெரிய சந்து, ஆப்பு எட்டவே எட்டாது. எட்டுனாலும் ஈரமும் மண்ணும் சேந்து வழுக்கிட்டுப் போகும். நான் ஆட்டாங்கல்லு குழவிய வெச்சுப் பாத்தேன், வெயிட்டு சரி, ஆனா உருண்டை, வாட்டத்துல மெதுவா உருண்டு கம்பிகிட்ட போய் நின்னுக்கிச்சு. "கண்ணு, அத எடுத்து உள்ள வெய்யி, யாரு கால்லயாவது விழப்போகுது"ன்னு அம்மா சத்தம் போட்டதோட அந்த ஆராய்ச்சி முடிஞ்சுது.

காந்த ஸ்டாப்பர். பாக்க அழகு, டக்குனு ஒட்டும், பெட்ரூம் கதவுக்கு நல்லா இருக்கும். காந்தத்தோட கதை என்னன்னா ஒட்டியிருந்தாதான் பலம், நடுவுல ஒரு மில்லிமீட்டர் சந்து விழுந்தாலே புடி பாதிக்கும் கீழ போயிரும். மரக்கதவு மழைக்கு கொஞ்சம் உப்பும், வெயிலுக்கு சுருங்கும், கீல் தொங்கும், தகடும் காந்தமும் நேரா உக்காராது. காத்து ஒரே சீரா தள்ளுனா தாங்கும், ஒரு வீச்சு வீசிட்டு விட்டு மறுபடி வீசும் பாருங்க, அந்த உதறல்ல கழண்டுக்கும். மூணு மாசத்துல வெளிப்பக்கம் துரு வேற. கால்ல தட்டி இறக்கற ரப்பர் கால் ஸ்டாப்பரும் கிட்டத்தட்ட இதே கேஸ்தான், தேயற வரைக்கும் ஓகே.

ஹைட்ராலிக் குளோசர். இதப் பத்தி தப்பா நெனச்சிட்டிருக்கறவங்க நெறைய பேரு, நானும்தான். குளோசர் கதவு படார்னு சாத்தாம மெதுவா சாத்தறதுக்கு, திறந்து நிக்க வைக்கறதுக்கு இல்ல. திறந்தபடியே நிறுத்தி வைக்கற ஹோல்ட் ஓபன் கை வெச்ச மாடல்னு கேட்டு வாங்கலாம், லேசான காத்துக்கு நிக்கும், ஆனா அது மேல கீல் பக்கத்துல மாட்டறது, அதே 100 கிலோ கணக்குதான். அதோட வெளிய திறக்கற கதவ காத்து புடுங்கி எறியும்போது, திறக்கற பக்கமும் வேகத்த அடக்கற பேக்செக் வசதி இல்லேன்னா மொத்த அடியும் குளோசர் கைக்குத்தான் விழும். ஆபீஸ் கண்ணாடிக் கதவுக்கு சரி, கணவாய்க் காத்துக்கு நான் போட மாட்டேன்.

யூபிவிசி கதவு வெச்சிருக்கறவங்களுக்கு வேற ஒரு வழி இருக்கு, ஹேண்டில கீழ திருப்புனா எந்த கோணத்துல நிக்குதோ அங்கயே பிரேக் புடிக்கற மாதிரி ஸ்டே, அதாவது கதவையும் நிலையையும் இணைக்கற கம்பி. கதவு செய்யும்போதே கேட்டாதான் உண்டு, பின்னாடி மாட்டறது கஷ்டம். தனியா ஸ்டே மாட்டுனா உள்ள இருக்கற இரும்புல ஸ்க்ரூ ஏறுதான்னு பாத்துக்கோங்க, வெறும் பிளாஸ்டிக்ல ஏறுனது ரெண்டே உதறல்ல வெளிய வந்துரும்.

டவர் போல்ட். கதவோட வெளி ஓரத்துல அடில ஒண்ணு மாட்டி, 90 டிகிரில திறந்து நிக்கற இடத்துல தரைல ஓட்டை போட்டு இறக்கறது. புடிக்கற இடம்னு பாத்தா இதுதான் பெஸ்ட், ஆடவே ஆடாது. ஆனா பால்கனி தரைல ஓட்டை போடாதீங்க, ப்ளீஸ். நான் போட்டேன். அது டைல்ஸ், கலவை, வாட்டர்ப்ரூஃபிங் எல்லாத்தையும் தாண்டிப் போயிருச்சு, அந்தக் குழி எப்பவும் தண்ணி, அடுத்த மழைக்கு கீழ போர்ட்டிகோ சீலிங்ல வட்டமா ஊறல். சிமெண்ட் வெச்சு அடைச்சு, எபாக்ஸி ஊத்தி, பெயிண்ட் அடிச்சதெல்லாம் சேத்தா பத்து காந்தம் வாங்கிருக்கலாம். தரைத்தளத்துல மண்ணு மேல போட்ட சிட்அவுட்டுன்னா தாராளமா போடலாம், குழிய அப்பப்ப ஊதி சுத்தம் பண்ணணும், அவ்ளோதான்.

கொக்கி. நூறு ரூபாய்க்குள்ள முடியற பழைய சாமான், கடைசில எனக்கு நின்னது இதுதான், ஆனா நேரா நிக்கல. மொத தடவ 90 டிகிரில நிக்கற கதவுக்கும் சுவத்துக்கும் குறுக்க ஒரு அடி கொக்கி போட்டேன், அது எங்க போய் மாட்டும், கீல்ல இருந்து முக்கா அடிலதான், ரெண்டு வாரத்துல வளையம் புடுங்கிக்கிச்சு. கதவு முழுசா திரும்பி சுவத்தோட ஒட்டி நின்னாதான் கைப்பிடி ஓரத்துல சின்ன கொக்கி போட முடியும். எங்க நிலை 9 இஞ்ச் சுவத்துக்கு நடுவுல இருக்கு, கதவு 90ஐ கொஞ்சம் தாண்டுனதும் சுவத்து முனைல இடிக்கும். காத்து அந்த நெலமைல தள்ளுனா கடப்பாரை போட்டு நெம்பற மாதிரி, மொதல்ல ஸ்க்ரூ புடுங்குனதும் இப்படித்தான்.

"ஏங்கண்ணா, இத உள்பக்கம் திறக்கற மாதிரியே வெச்சிருக்கலாமில்லீங்களா"ன்னு ஆசாரிகிட்ட கேட்டதுக்கு, "உள்ள திறந்தா மழைத் தண்ணி உள்ள வரும், கட்டிலும் இடிக்கும், பார்லிமென்ட் கீல் போட்டா சுவத்தோட படுத்துக்கும் தம்பி"ன்னாரு. அந்தக் கீல் கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருக்கும், கதவு சுவத்து முனைய தாண்டி 180 டிகிரி திரும்பும். வீடு கட்டிட்டு இருக்கறவங்க நிலையவே வெளி ஓரத்துக்கு ஒட்டி வெச்சுட்டா சாதா கீலே போதும்.

அவரு காட்டுன இன்னொரு விஷயத்த நான் மூணு வருஷமா கவனிக்கவே இல்ல. காத்து மேக்க இருந்து கிழக்க போகுது, கதவு தெற்க திறக்குது. கிழக்குப் பக்கம் கீல் இருக்கற இதழ லேசா திறந்தாலே காத்து பின்னாடி பூந்து பாய்மரம் மாதிரி புடுங்கி திறக்கும், மேக்குப் பக்கம் கீல் இருக்கறது நேர் எதிர், அத திறந்து வெச்சா படார்னு சாத்தும். அதே மாதிரி சுவத்தோட படுத்த கிழக்கு இதழ காத்து சுவத்துக்கே அழுத்தும், மேக்கு இதழ ஓரத்துல பூந்து உரிக்கும். ஆகமொத்தம் ரெண்டுக்கும் ஒரே ஸ்டாப்பர் தேடுனதே தப்பு.

இப்ப காத்துக் காலத்துல மேக்கு இதழ மேலயும் கீழயும் தாழ்ப்பாள் போட்டு மூடியே வெச்சிருக்கோம். அதுக்கு ஒரு இடைஞ்சல் இருந்துச்சு, ரெண்டு இதழும் சேர்ற இடத்துல அடிச்சிருக்கற பட்டி தப்பான இதழ்ல இருந்ததால கிழக்க தனியா திறக்க முடியாது, ஆசாரி அத கழட்டி மாத்தி அடிச்சுக் குடுத்தாரு. கிழக்கு இதழுக்கு பார்லிமென்ட் கீல், கைப்பிடி ஓரத்துல 4 இஞ்ச் கொக்கி, சுவத்துல வளையத்துக்கு பூச்சு தாண்டி செங்கல் உள்ள போற நீள ஸ்க்ரூ, பூச்சு வெறும் அரை இஞ்ச்தான், அதுல நிக்கற பிளக் பொம்மைதான். கொக்கில கொஞ்சம் லூஸ் இருந்தாலும் ராத்திரி பூரா டக் டக்னு தட்டும், தட்டி தட்டியே ஸ்க்ரூ லூஸ் ஆகும், அதனால கதவுக்கும் சுவத்துக்கும் நடுவுல பழைய சைக்கிள் டியூப மடிச்சு ஒட்டி, கொக்கி டைட்டா அழுத்தி மாட்டற மாதிரி வெச்சிருக்கேன். அந்த டியூப் வெயில்ல காஞ்சு வெடிச்சிரும், வருஷா வருஷம் வைகாசிக்கு மாத்தணும்.

இன்னும் தீராதது ஒண்ணுதான், காலைல திறக்கற அந்த நேரம். மேக்கு ஜன்னல சாத்தாம பால்கனி கதவு தாழ்ப்பாள எடுத்தா, வீட்டுக்குள்ள அடைஞ்ச காத்தும் சேந்து தள்ளும், கைல இருந்து புடுங்கிரும். அம்மா இப்பெல்லாம் ஹால் ஜன்னல சாத்திட்டுத்தான் திறக்கறாங்க, அப்பவும் ரெண்டு கையால.